வினாடிக்கு எத்தனை சதுர அடி?

மனிதர்களில் மாற்றிச்சொல்லி என்று ஓர் இனம் உண்டு. அவர்களிடம் ஓர் அளவைச் சொல்லிவிட்டால் அதை அப்படியே விட அவர்களுக்கு மனசு வராது. கிலோவைச் சொன்னால் பவுண்டாக்குவார்கள், பவுண்டைச் சொன்னால் கிலோவாக்குவார்கள். குழந்தை பிறந்த சேதியை மூச்சிரைக்க ஓடிவந்து சொல்லிப் பாருங்கள்: “மூணு கிலோவா, அதாவது ஆறரை பவுண்டுக்குக் கொஞ்சம் மேல” என்பார்களே தவிர, ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார்கள். காய்ச்சல் நூற்றிரண்டு என்று நீங்கள் பதறினால், “அதாவது முப்பத்தொன்பதுகூட இல்லையே” என்று ஆறுதல் சொல்வார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டதா என்ன? இல்லை. மாறிவிட்டது.

என் அக்கா வீட்டுக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். வேலை இன்சூரன்ஸ் ஆபீசில். எண்ணெய்க்கும் அவருக்கும் உள்ள உறவு தலையில் தேய்த்துக்கொள்வதோடு சரி. ஆனால் டைரியின் கடைசியில் அளவு மாற்றும் பட்டியல் ஒன்று அச்சடித்திருப்பார்களே, நாமெல்லாம் பால் கணக்கு எழுதும் பக்கம், அதை அவர் உட்கார்ந்து படித்தார். அதில்தான் பாகுநிலை அகப்பட்டது. எண்ணெய் எவ்வளவு தயங்கித் தயங்கி ஓடுகிறது என்பதற்கான கணக்கு அது. நாம் கெட்டி, தண்ணி என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்வோம். மெட்ரிக்கில் அதற்கு சென்டிஸ்டோக் என்று பெயராம். வெள்ளைக்காரன் விட்டுப்போன இம்பீரியலில் வினாடிக்கு இத்தனை சதுர அடியாம். சதுர அடி என்றால் எனக்கு மனைதான் ஞாபகம் வரும். எண்ணெய்க்கு எதற்கு ஐயா மனை? கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அக்காவுக்கு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. பிள்ளைகள் வளரட்டும் என்று ஆறு வருஷம் பொறுத்திருந்தவளை, கடைசியில் ஒரு கல்லூரியில் நூலகர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொண்டுபோய் விட நான் வந்திருந்தேன். அவர்கள் அடுக்குமாடி லிஃப்டில் நானும் அக்காவும் ஏறினோம். இரண்டு மாடிகளுக்கு நடுவில் அது நின்றுவிட்டது.

அது எண்ணெயின் அழுத்தத்தில் ஓடும் பழைய லிஃப்ட். கீழே இறக்கும் வால்வு இறுகிக்கொண்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கதவிடுக்கு வழியாக எங்களுக்கும் கேட்கிற மாதிரி, வெளியே நின்ற அத்தானிடம் சொன்னார்: “எண்ணெய் ஒழுகிப்போச்சு சார். நாப்பத்தாறாம் நம்பர் ஒரு கேன் வாங்கிட்டு வந்துடுங்க. ஊத்தினதும் மேல ஏத்தி வெளியே எடுத்துடறேன்.” நம்பர் என்றால் அதே சென்டிஸ்டோக்தான்.

அத்தான் பறந்தார். மெஷின் எண்ணெய் விற்கும் கடை தெருமுனையில்தான் இருக்கிறது. அக்கா ஃபோனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அத்தானின் குரல் கணீரென்று கேட்டது.

“வினாடிக்கு சைபர் பாயிண்ட் சைபர் சைபர் சைபர் நாலு ஒன்பது அஞ்சு சதுர அடியில ஒரு கேன் எண்ணெய் வேணும்.”

எந்தக் கடைக்காரரும் இந்நேரம் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். தள்ளட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். தள்ளவில்லை. கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

“திருப்பிப் போட்டா நாப்பத்தஞ்சு புள்ளி ஒன்பது எட்டு ஏழு வருது சார்” என்றார் கடைக்காரர். “அந்த எண்ணெய் நம்மகிட்ட இல்லையே. நாப்பத்தாறுதான் இருக்கு.”

“அடடா. வேற எங்க கிடைக்கும்?”

“என்னங்க,” என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு, “மெக்கானிக் கேட்டதே நாப்பத்தாறுதாங்க.”

“அது மெட்ரிக்ல. நான் இம்பீரியல்ல கேட்டுட்டேனே.”

கேட்டுவிட்டாராம். இனி வாக்கு மாற முடியாதாம். கடைக்காரர் இதற்குள், “சூட்டுக்கு எண்ணெய் இளகுமே, எத்தனை டிகிரி சூட்டுல கேக்கறீங்க?” என்றார். “நாப்பது செல்சியஸ்” என்றார் அத்தான். “அதாவது நூத்திநாலு ஃபாரன்ஹீட்” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்புறம் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்.

மணி பத்தேகால். அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் அவள் அழவில்லை. நிதானமாக ஃபோனை வாயருகே கொண்டுபோய், “அண்ணே, உங்க வீட்டம்மா கடையில இருக்காங்களா?” என்று கேட்டாள்.

இருந்தார். அந்த அம்மாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. “நாப்பத்தாறும்மா” என்றாள் இவள். “எனக்குத் தெரியாதாம்மா, எனக்கும் இதே கதைதான். இதோ அனுப்பறேன்” என்றார் அவர். கேன் மேசையில் இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் வியாபாரம்.

முக்கால் மணி நேரத் தாமதத்தில் அக்கா கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஏன் லேட் என்றார் முதல்வர். லிஃப்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாள். முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எத்தனாம் நம்பர் எண்ணெய்?”

“நாப்பத்தாறு சென்டிஸ்டோக் சார்.”

முதல்வரின் கண் மோட்டுவளைக்குப் போனது. “அதாவது, சதுர அங்குலத்துல சொன்னா...” என்று இழுத்தார்.

“வினாடிக்கு சைபர் பாயிண்ட் சைபர் ஏழு ஒண்ணு மூணு சார்.”

வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். “டேய், அதை நான்தாண்டா சொன்னேன்” என்றாள் என்னிடம், ரத்தப் பரிசோதனை முடிவு வந்தவள் மாதிரி. “என் வாயிலதாண்டா வந்துச்சு.” அத்தானுக்கு ஒரே ஒரு குறைதான். ஐந்தாவது தசமத்தை அவள் ஏன் சொல்லாமல் விட்டாள்?

நல்லவேளை, உங்களுக்கு இந்த வியாதி இல்லை. இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டேதான் படித்து வந்தீர்கள். ஆனால் நாற்பத்தாறு என்று வந்த இடத்தில் ஒரு வினாடி நின்றீர்களே, எதற்கு? அதாவது, தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்கிறேன். கையில் எடுத்த ஃபோனைக் கீழே வையுங்கள். அக்கா சொன்ன அந்தக் கடைசி ‘மூணு’ சரிதான்.