புல்லில் நடந்தவர்

க்ளிஃபோர்ட் ஆக்ராய்டு கதவைத் திறந்ததும், உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

அவருக்குத் திக்கென்றது. பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அந்த மரியாதை தமக்குத்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

குற்றம் கோட்டுடையது. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிக்க நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் பார்ப்பதற்காவது படித்தவர் மாதிரி இருக்கட்டுமே என்று அவர் மனைவி மொரீன், பழைய துணிமணி மலிவாக விற்கும் தர்மக் கடை ஒன்றில் அலசித் தேடி, முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டிருந்தாள். நரைத்த மீசையும் அந்தக் கோட்டும் சேர்ந்ததில், பணி ஓய்வு பெற்ற ஒரு டிரைவிங் டெஸ்ட் அதிகாரி, பார்த்தவுடனே பயம் வருகிற பேராசிரியராகிவிட்டார்.

"உட்காருங்க, உட்காருங்க. நானும் உங்களை மாதிரி சீட்டு கேட்டு வந்தவன்தான்" என்றார்.

பிள்ளைகள் பணிவாகச் சிரித்தார்கள். உட்காரவில்லை. பியர்ஸ் என்ற நெட்டைப் பையன் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "பாத்தியா, ஆரம்பிச்சுட்டார். சொன்னதை அப்படியே நம்புறோமா, ஆதாரம் கேக்குறோமான்னு சோதிக்கிறார்" என்று கிசுகிசுத்தான்.

ஆதாரம்தானே என்று க்ளிஃபோர்ட் பையிலிருந்து அழைப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு. சட்டம் படிக்க வந்த பிள்ளைகள் கையில் ஒரு காகிதம் கிடைத்தால் விடுவார்களா? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள், பின்பக்கம் திருப்பினார்கள், ஆளுக்கொரு கட்சி கட்டினார்கள். கடைசியில் பியர்ஸ் தீர்ப்புச் சொன்னான். அடியில் டாக்டர் ப்ரோதெரோ என்று கையெழுத்து இருக்கிறது, கடிதம் இவர் கையில் இருக்கிறது, ஆகவே இவர்தான் டாக்டர் ப்ரோதெரோ.

அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். ப்ரோதெரோ எழுதிய புத்தகம் தலையணை கனம் இருக்குமாம். ப்ரோதெரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு நீதிபதியே தண்ணீர் கேட்டாராம். யாரும் நேரில் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டோம் என்று நினைத்து ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

க்ளிஃபோர்டுக்கு அழுகை புதிதல்ல. ஹேலிஃபாக்ஸ் ஊரில் முப்பது வருஷம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எத்தனையோ பேரை அழ வைத்திருக்கிறார். நடைபாதை ஓரத்தைச் சக்கரம் லேசாகத் தொட்டால் போதும், ஃபெயில். "இந்தத் தடவை இல்லை. நல்லாப் பழகிட்டு மறுபடி வாங்க" என்று சொல்லிவிட்டு, எதிராளி முகம் கோணுவதற்குள் இறங்கி நடந்துவிடுவார். ரொட்டிக் கடைக்காரர், பாதிரியார், இரண்டு போலீஸ்காரர்கள், எல்லோருக்கும் அதே வாக்கியம்தான். கட்டின மனைவிக்கு அதை மூன்று தடவை சொன்னார். மொரீன் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அவர் சாப்பாட்டில் உப்புக் குறைவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் அவள் சொல்கிறாள்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை, சட்டம் படிக்க வேண்டும் என்பது. ஓய்வு பெற்றதும் மாலை வகுப்புக்குப் போய், பேரன் வயதுப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதி, நுழைவுத் தேர்விலும் தேறி, இதோ நேர்முகம் வரை வந்துவிட்டார். ஆனால் ஊரில் விஷயம் பரவிவிட்டது. கிளம்பின அன்று மதுக்கடை வாசலில் ரொட்டிக் கடைக்காரரும் பாதிரியாரும் தோளோடு தோள் நின்று கையசைத்தார்கள். ரயில் டிக்கெட்டைப் பார்த்த போலீஸ்காரர், "போயிட்டு வாங்க சார், நாங்க எல்லாரும் இங்கேயேதான் இருப்போம்" என்றார். தோற்று மட்டும் திரும்பினால் ஊரே சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லும்.

அழுகிற பெண்ணுக்குக் கைக்குட்டை கொடுத்தார். அவள் அதைப் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். இனி இங்கே இருந்தால் சரிப்படாது என்று அவர் வெளியே ஓடினார்.

வெளியே மழை. மூக்குக் கண்ணாடியில் நீர் வழிந்து எதிரே இருந்த கட்டடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நேராக அதை நோக்கி நடந்தார். காலுக்கடியில் மெத்துமெத்தென்று இருக்கிறதே என்று தோன்றி, நின்று, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். முற்றத்துப் புல்வெளியின் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு பலகை: கல்லூரி ஆசிரியர்கள் தவிர வேறு யாரும் புல்லில் நடக்கக் கூடாது.

விதி என்றால் உயிரை விடுகிறவர் அவர். முன்னால் போகவும் பின்னால் போகவும் ஒரே தூரம். எந்தப் பக்கம் போனாலும் குற்றம். ஆகவே அசையாமல் நின்றார். தோட்டக்காரர் ஒருவர் குல்லாயைத் தூக்கி, நல்ல மழை டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

சிவப்புச் சட்டை போட்ட ஒரு மாணவன் குடையோடு ஓடி வந்தான். பெயர் ஜாஸ்பர். சரித்திரம் படிக்கிறவன், வருகிறவர்களுக்கு வழி காட்டும் பொறுப்பு அவனுக்கு.

"டாக்டர் ப்ரோதெரோ, ஏன் சார் மழையில நிக்கிறீங்க?"

"தம்பி, நான் ப்ரோதெரோ இல்லை. நான் ப்ரோதெரோவைத் தேடிட்டிருக்கேன்."

ஜாஸ்பர் உருகிப் போனான். தன்னைத்தானே தேடுகிற பேராசிரியரை அவன் அதுவரை பார்த்ததில்லை. கையைப் பிடித்து, படியேற்றி, ஓர் அறைக் கதவைத் திறந்து, "இதுதான் சார் உங்க ரூம். மறந்துட்டீங்கன்னா இங்கேயே இருங்க, எங்கேயும் போயிடாதீங்க" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனான்.

கதவில் ப்ரோதெரோ என்று எழுதியிருந்தது. அப்பாடா என்றிருந்தது க்ளிஃபோர்டுக்கு. வர வேண்டிய இடத்துக்கு வந்தாயிற்று, இனி அந்தப் பேராசிரியர் வந்தால் போதும். அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று மொட்டை மர நாற்காலி. இன்னொன்று ஹீட்டர் பக்கத்தில், மெத்தை வைத்தது. கால்சட்டை நனைந்திருந்ததால் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கால்களை ஹீட்டர் பக்கம் நீட்டினார். நேரம் ஆக ஆகப் பசித்தது. மொரீன் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சைப் பிரித்தார். சீஸும் வெங்காய ஊறுகாயும். வாசனை புத்தக அலமாரி வரை போயிற்று.

அப்போது கதவு படாரென்று திறந்தது. மஞ்சள் கம்பளித் தொப்பி, முதுகில் பை, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். சைக்கிள் பஞ்சராகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றாள். மெத்தை நாற்காலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு பேசாமல் மர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இதுவும் ஒன்று வந்துவிட்டதா என்று க்ளிஃபோர்ட் பெருமூச்சு விட்டார். நான் பேராசிரியர் இல்லை என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சொன்னால் இதுவும் அழும். பாவம், முதலில் மூச்சு விடட்டும்.

"சாப்பிட்டியா கண்ணு? இந்தா" என்று ஒரு சாண்ட்விச்சை நீட்டினார்.

அவள் தயங்கி, வாங்கி, ஒரு கடி கடித்து, நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, தான் ஒரு கேள்வி கேட்கலாமா என்றாள். பேராசிரியர் வருவதற்குள் நம்மிடம் ஒத்திகை பார்க்கிறது போலிருக்கிறது, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று க்ளிஃபோர்ட் தலையாட்டினார்.

"ஆசிரியர்கள் தவிர யாரும் புல்லில் நடக்கக் கூடாதுன்னு விதி. ஒரு ஆசிரியர், வெளியாள் ஒருத்தரை முதுகில தூக்கிட்டுப் புல்லைத் தாண்டறார். விதி மீறப்பட்டிருக்கா?"

புல் என்றதும் க்ளிஃபோர்டுக்குக் காது சிவந்தது. ஆனாலும் யோசித்தார். டிரைவிங் டெஸ்டில் வண்டி ஓட்டுகிறவன் ஒருவன், பக்கத்தில் பிரேக்கில் கால் வைத்திருக்கிறவன் இன்னொருவன், மோதினால் யார் ஓட்டினதாகக் கணக்கு என்று ஆரம்பித்து, ரொட்டிக் கடைக்காரர் ஒரு தபால் பெட்டியைச் சாய்த்த கதைக்குப் போய், அங்கிருந்து திரும்ப வழி தெரியாமல் தவித்து, கடைசியில் முதுகில் இருக்கிறவன் நடக்கவில்லை, ஆகவே குற்றம் இல்லை என்று வந்து சேர்ந்தார். சொன்ன உடனே அவருக்கே அது பிடிக்கவில்லை.

"இரு, இரு. புல்லு கெடக் கூடாதுன்னா விதி? அப்படின்னா ரெண்டு ஆள் பாரம் ஒரே கால்ல விழுது, இன்னும் மோசம். புல்லுக்கு யாரு பேராசிரியர், யாரு வெளியாள்னு தெரியுமா என்ன? அப்ப இது புல்லைக் காப்பாத்துற விதி இல்லை. யாரு பெரியவங்கன்னு காட்டுற விதி. அப்படிப் பாத்தா, தூக்கிட்டுப் போனவர்தான் தன் பெருமையை இன்னொருத்தனுக்கு வாடகைக்கு விட்டிருக்கார்."

அந்தப் பெண் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "தூக்கினவர் களைச்சுப் போய் நடுவிலேயே இறக்கி விட்டுட்டா?"

"நீ சொல்லு பாப்போம்" என்றார் க்ளிஃபோர்ட். எதிரே ஆள் உட்கார்ந்தால் கேள்வி கேட்டே பழகின வாய் அது.

அவள் கொஞ்சம் திணறினாள். எந்தப் பக்கம் போனாலும் நடக்க வேண்டுமே என்றாள். அப்படியானால் நிற்கலாமா என்றார் இவர். எவ்வளவு நேரம் என்றாள். மழை விடுகிற வரைக்குமா, சாகிற வரைக்குமா என்று இவர் கேட்க, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இப்படிச் சந்தோஷமாக வாதாடி அவருக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இதற்காகத்தானே வந்தோம், இதைச் செய்துகொண்டே மூன்று வருஷம் இங்கே இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கோபுரத்து மணி அடித்தது. அவருக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. ப்ரோதெரோ வரவே இல்லை.

க்ளிஃபோர்ட் எழுந்தார். அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவுக்காகக் காத்திருக்கிற முகம். அந்த முகத்தை முப்பது வருஷம் பார்த்தவருக்கு, அதன் முன்னால் வழக்கமாகச் சொல்வது தானாகவே வாயில் வந்துவிட்டது.

"இந்தத் தடவை இல்லை கண்ணு. கேட்டதுக்கெல்லாம் நீ திருப்பிக் கேள்வியே கேக்குறே. நல்லாப் பழகிட்டு மறுபடி வா."

அவள் வாய் பிளந்தது. ஐயையோ, என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. சமாளிப்பதற்காக, "நீயும் ரொம்ப நேரம் காத்திருக்காதே. அந்த ப்ரோதெரோ பொறுப்பில்லாத ஆளு, வர்ற மாதிரி தெரியலை" என்று சேர்த்தார். அவள் ஏதோ சொல்ல வந்தாள். ஆனால் ஃபெயில் போட்ட பிறகு நின்று அழுகையைப் பார்க்கிற வழக்கம் க்ளிஃபோர்டுக்குக் கிடையாது. படியிறங்கி ஓடிவிட்டார்.

கீழே காத்திருப்பு அறை காலியாக இருந்தது. எல்லோரும் மற்ற ஆசிரியர்களிடம் நேர்முகத்தை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்லூரி வாசலுக்கு வந்து மொரீனுக்குப் போன் போட்டார். பேராசிரியர் வரவில்லை, நேர்முகமே நடக்கவில்லை, எல்லாம் போயிற்று என்று சொல்லி முடித்தார். பல வருஷம் காத்திருந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று மறுமுனையில் ஒரு நல்ல மனுஷி போராடினாள்.

"இந்தத் தடவை இல்லை, க்ளிஃப்" என்றாள் மொரீன். சொல்லிவிட்டு அவளே அழுதாள். வீட்டுக்கு வா, ஊர்க்காரன் எவனாவது பல்லைக் காட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

வாசல் காவலர் பாக்ஷா எல்லாவற்றையும் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார். காலையில் பெட்டியை வாங்கி வைத்தவர் அவர்தான், இவரை டாக்டர் என்று அழைக்காத ஒரே ஆள். என்ன ஆயிற்று என்று விசாரித்தார். க்ளிஃபோர்ட் மூக்கைச் சிந்திக்கொண்டு, ப்ரோதெரோ வரவே இல்லை, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண்தான் வந்தது, அந்தப் பாவத்துக்கும் பழக்க தோஷத்தில் ஃபெயில் போட்டுவிட்டேன், அது எங்கே உட்கார்ந்து அழுகிறதோ என்றார்.

பாக்ஷா பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"அந்த மஞ்சள் தொப்பிதான் சார் டாக்டர் ப்ரோதெரோ. இப்பத்தான் மேலேர்ந்து போன் பண்ணாங்க. பொறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் முதல் தடவையா ஃபெயில் ஆயிருக்காங்களாம், நல்லாப் பழகி வைக்கிறாங்களாம், அக்டோபர்ல நீங்க இங்கே படிக்க வந்ததும் மறுபடி டெஸ்ட் வைக்கணுமாம்."