கோட்டுக்கு வெளியே ஒரு நடுவர்

கால்பந்து மைதானத்தில் நடுவர் ஒருவர்தான் என்று விதிப்புத்தகம் சொல்லும். நம்பாதீர்கள். கோட்டுக்கு வெளியே இன்னொரு இனம் நின்றுகொண்டிருக்கிறது: புதிய நடுவர்களுக்குப் புத்தி சொல்கிற இனம். தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் பிரம்மநாயகம் அண்ணாச்சி அதில் முதல் தரம்.

அண்ணாச்சி பந்தை உதைத்தவரல்லர். அதனாலென்ன? எதிர்வீட்டு ஜெபசெல்வி நடுவர் தேர்வில் தேறி, ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கும் கோவண்டிக்கும் நடக்கிற ஆட்டத்தில் முதன்முதலாக விசில் ஊதப்போகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவள் சோப்பு வாங்க வந்தால் விசிலைப் பல்லில் கடிக்காமல் உதட்டில் பிடிப்பது எப்படி என்றும், பருப்பு வாங்க வந்தால் சிரிக்காமல் மஞ்சள் அட்டை காட்டுவது எப்படி என்றும், ஒன்றும் வாங்காமல் கடந்து போனால் கூப்பிட்டு நிறுத்தி, பதவி என்றால் என்ன என்றும் விளக்கினார்.

“எம்மா, சந்தேகமே வரப்படாது. வந்தாலும் மூஞ்சில தெரியப்படாது. டக்குனு முடிவச் சொல்லிட்டு நகந்துரணும். எவன் கத்துனாலும் பயப்படாத.”

“சரி அண்ணாச்சி.”

ஞாயிற்றுக்கிழமை மெகாபிளாக்; தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டார்கள். ரயில் இல்லாமல், கொடி பிடிக்க வேண்டிய துணை நடுவர் ஒருவர் வந்து சேரவில்லை. ஜெபசெல்வி சுற்றிலும் பார்த்தாள்.

“அண்ணாச்சி, நீங்க கொடி பிடிங்க.”

கூட்டம் கைதட்டியது. பெரிய மனிதர்தானே என்று கோவண்டிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணாச்சி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கோட்டோரம் நின்றார்.

கோவண்டி ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியும் தறுவாயில், அண்ணாச்சியின் தங்கை மகன் மாரீஸ்வரன் உதைத்த பந்து, கோல் முன்னே நின்ற கோவண்டிப் பையன் பைசானின் தொடையில் மோதி எகிறி, முழங்கையில் உரசி வெளியே போயிற்று. ‘ஹேண்ட், பெனால்ட்டி’ என்று பாதி மைதானம்; ‘குச் நஹி’, ஒன்றுமில்லை என்று மறுபாதி. நாலு பேர் குறுக்கே நின்றதில் ஜெபசெல்விக்குத் தெரியவில்லை. ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, பக்கத்துல நின்னது நீங்கதான். கையில பட்டுச்சா?”

அண்ணாச்சி நன்றாகவே பார்த்திருந்தார். ஆனால் முன்னால் மருமகன் நின்றான். பின்னால் கோவண்டிக் கூட்டம் நின்றது. அறிவு தெரிந்த நாளாக முதன்முறை அவரிடம் அபிப்பிராயம் இல்லை.

“உனக்கு எப்படிம்மா தோணுது?”

“எனக்கு மறைச்சிட்டு. அதான் கேக்கேன்.”

“நான் என்னத்தக் கண்டேன். கண்ணுல தூசில்லா விழுந்துட்டு.”

ஜெபசெல்வி அவரை ஒரு கணம் பார்த்தாள். யாரும் பார்க்காததற்குப் பெனால்ட்டி கொடுக்க முடியாது. கார்னர் என்று கையைக் காட்டினாள். தாராவி தோற்றது. சொந்தத் தெருக்காரர்களே வாய்க்கு வந்தபடி ஏச, அவள் நடுமைதானத்தில் நிமிர்ந்து நின்று கடைசி விசிலை ஊதினாள். அண்ணாச்சி கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கரைந்தார்.

மறுநாள் காலை, கடையில் குரல் திரும்பியிருந்தது.

“தொடையில பட்டுத்தாம்மா கைக்கு வந்துச்சு. பெனால்ட்டியே கெடையாது. நீ குடுத்தது கரெக்ட். விசிலத்தான் இன்னும் கொஞ்சம் நீட்டி ஊதிருக்கணும்.”

“இதத்தான நேத்து கேட்டேன் அண்ணாச்சி?”

“மைதானத்துல வச்சுக் கேட்டா எப்படிச் சொல்ல? கடைக்கு வந்துல்லா கேக்கணும்.”

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் பைசானின் முழங்கையில் பந்து உரசியது என்று படித்தபோதே, பெனால்ட்டி உண்டு அல்லது இல்லை என்று நீங்களும் உள்ளுக்குள் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா? வரும் ஞாயிறு ஜெபசெல்விக்கு மான்குர்த்தில் ஆட்டம். கொடி பிடிக்க ஒரு ஆள் குறைகிறதாம். உங்களுக்கு வசதிப்படுமா?