ஏகாம்பரம் தட்டிய கதவு

காரைக்கால்,
5-6-1986.

சௌபாக்கியவதி தங்கை பங்கஜவல்லிக்கு அண்ணன் நீலமேகம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி லோகாம்பாளும் முழங்கால் நீங்கலாகச் சுகம். குத்தாலத்தில் நீயும், உன் வீட்டுக்காரரும், மணப்பெண் சௌந்தரமும், மெட்ராஸில் உத்தியோகம் பார்க்கும் உன் மகன் சோமுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினேழு வருஷமாக உனக்கு ஒரு கார்டுகூடப் போடாதவன் க்ஷேமம் விசாரிக்கும் முறையை மட்டும் மறக்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

சௌந்தரத்தின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. வைகாசி 28, புதன்கிழமை. என்னால் வர இயலாது. முழங்கால் ஒரு காரணம். இன்னொரு காரணம் உனக்கே தெரியும். அந்தக் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் நான் வந்து சேருவதற்குள், நம் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் மருதையன் மடியில் தூக்கி உட்கார வைத்துக் குத்திவிட்டீர்கள். பேரளத்தில் பஸ் டயர் வெடித்து நான் தாமதமானேன் என்று தொண்டை கிழியச் சொன்னேன், ஒரு பொழுது காத்திருக்க உங்களால் முடியவில்லை. தாய்மாமன் மடி இருக்க வேறொரு மடி தேடிய வீட்டில் காலை வைக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றி அல்ல. உன்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் மகன் சோமு டி.வி. ஸ்டேஷன் பக்கம் போய் நம் குடும்ப விஷயத்தை யாரிடமாவது பேசினானா? ஆம், இல்லை என்று எழுத்து மூலம் பதில் தேவை.

விவரம் வருமாறு. ரிட்டயர் ஆன கையோடு ஒரு டி.வி. பெட்டி வாங்கினேன். எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். மொட்டை மாடியில் மூங்கில் கட்டி இரண்டு ஆண்டெனா வைத்திருக்கிறேன். காற்று மனது வைத்தால் மெட்ராஸ் தெரியும், இலங்கையோ யாரும் கேட்காமலே கடல் தாண்டி வந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ‘ஏகாம்பரம் வீட்டு எட்டுப் பேர்’ என்று ஒரு சிரிப்புத் தொடர் வருகிறது. அதில் வரும் ஏகாம்பரம் பிடிவாதத்துக்கு என்றே பிறந்த மனிதர். மழை இல்லாத நாளிலும் குடையோடு உட்கார்ந்திருப்பார். யார் வாசலையும் மிதிக்க மாட்டார், உலகம்தான் அவரைத் தேடி வர வேண்டும். பேரன் மிட்டாய் கேட்டால்கூட எழுதிக் கொடு என்பார். தெருவில் எல்லோரும் என்னையும் ஏகாம்பரம் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மேலுக்குக் கோபித்துக்கொண்டாலும், நம்மைப் போல் ஒரு மனிதரை நாடு முழுவதும் பார்க்கிறதே என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

சென்ற மாதம் 27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமையும் கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். அன்றைக்கு வழக்கமான பாட்டு வரவில்லை. எட்டுப் பேரில் ஏழு பேரைக் காணவில்லை. ஏகாம்பரம் மட்டும் காலி வீட்டில் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் அப்படியே பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரி மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, அதிலிருந்து எதையோ எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். ஒரு வீட்டு முன்னால் நின்றார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அடுத்தவர் வாசலில் ஏறிக் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன வார்த்தை என்பதைக் கீழே எழுதுகிறேன். அதோடு முடிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, பாயை மடித்து வைக்காமலே எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எதிர்வீட்டு வடிவாம்பாள், பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், ஏகாம்பரம் செய்தது சரிதான், எந்த மனுஷனும் கடைசிவரை விறைத்துக்கொண்டே இருக்க முடியாது என்று கட்சி கட்டினாள். நான் விடவில்லை. இத்தனை மாதமாக வளர்த்த ஆளை அரை மணியில் கெடுத்துவிட்டார்கள், வாசலே மிதிக்காதவர் கதவைத் தட்டினால் அவர் ஏகாம்பரமே இல்லை, வேறு யாரோ அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றேன். தையல்காரர் மீரா சாகிப் ரொம்ப யோசித்து, குடையை இடது கையில் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அசல் ஏகாம்பரம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். நான்கு நாள் இதே பேச்சு. குழாயடியில் குடம் வழிந்தது, மீரா சாகிப் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். கடைசியில் ஸ்டேஷனுக்கு ஒரு ஆட்சேபணை மனு அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

நான் இங்கே மேரி ஆபீசில், அதாவது முனிசிபாலிட்டியில், முப்பத்தொரு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன். கட்டம் போடாமல் எனக்கு எழுத வராது. மனுவிலும் கட்டம் போட்டு, எந்த வீடு, என்ன நிறக் கதவு, கதவைப் பார்த்துச் சொன்னது என்ன என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். வடிவாம்பாள், ஓட்டு வீடு, பச்சைக் கதவு, வாசலில் புங்க மரம் என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், ஏனென்றால் நான் பார்த்த வாசலில் மரம் கிடையாது. அந்த மாதிரி வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். திருநள்ளாறு போகிற வழியில் தன் சின்ன மகள் குடியிருக்கும் வீடு அது என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதற்காக வடிவாம்பாள் தலைமுழுகிய மகள். மீரா சாகிப்பைக் கேட்டால், வீடே இல்லை, நாகப்பட்டினம் துறைமுகத்தில் சாத்தியிருந்த இரும்புக் கேட்டைத்தான் ஏகாம்பரம் தட்டினார் என்கிறார். சொன்ன வார்த்தையைக் கேட்டதற்கு அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அது எங்க அண்ணனுக்கும் எனக்கும் உள்ளதுங்க. அதெ எழுதாதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பத்தொன்பது பேரிடம் கேட்டு எழுதினேன், பத்தொன்பது கதவு. நான்கு நாள் நாங்கள் சண்டை போட்டது ஒரே கதையைப் பற்றி இல்லை, பங்கஜம். இருபதாவதாக என் பெயரைப் போட்டு, என் கட்டத்தை நானே நிரப்ப வேண்டியதாயிற்று. ஊர் குத்தாலம். நீலக் கதவு, இடது பக்கம் மாடக்குழி. ஏகாம்பரம் மடியில் கட்டிக்கொண்டு வந்தது, ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்த இரண்டு கல் தோடு. மூடிய கதவைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பங்கஜம், நான் லேட்டா வரலம்மா. முக்குலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

அன்று பஸ் டயர் வெடிக்கவில்லை. எட்டேமுக்காலுக்கே குத்தாலத்தில் இறங்கிவிட்டேன். உன் தெருவுக்கு அடுத்த தெரு முக்கில், சைக்கிள் கடை வாசலில், கையில் சீர்த்தட்டோடு நின்றேன். தாய்மாமனை மேளத்தோடு வந்து அழைத்துப் போவதுதானே முறை. கூப்பிடாமல் தானாக வந்து நுழைந்தான் என்று உன் மாமியார் வீட்டார் பேசிவிடக் கூடாதே என்று நின்றேன். நான் வந்திருப்பது தெரியாமல் நீங்கள் மேளத்தை எப்படி அனுப்புவீர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அசைந்திருக்க மாட்டேன். நீங்கள் அங்கே என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் இங்கே மேளத்தை எதிர்பார்த்து நிற்கிறேன். சைக்கிள் கடைக்காரர் இரண்டு தடவை யார் வீட்டுக்கு என்று கேட்டார். தேங்காய் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா காற்று வாங்குகிறேன் என்றேன். பத்தரைக்கு மேளம் வேகமாக வாசித்ததும் கேட்டது, குழந்தை வீறிட்டதும் கேட்டது. அங்கிருந்து பேரளம் போய், ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பி வந்து உன் வாசலில் நின்று கத்தினேன். நீ அழுதாய். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் அதிகமாக அதிகமாகச் சத்தமும் அதிகமாகிவிட்டது. இதை உன் அண்ணிக்குக்கூட நான் சொன்னதில்லை. ஆகவே சோமுவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பது இதை எழுதும்போதுதான் புரிகிறது, மேலே அவனைச் சந்தேகித்த இரண்டு வரியை அடித்துவிடவும்.

ரேடியோ ரிப்பேர்க்காரன் முத்தையனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். இரண்டு ஆண்டெனாவையும் ஒரே ஒயரில் கட்டியதால் மெட்ராஸ் படமும் இலங்கைச் சத்தமும் கலந்துவிட்டது, அதுதான் ஆளுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது என்று விளக்கினான். அது எப்படி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒன்றரை நாள் தெருவே நிம்மதியாகச் சாப்பிட்டது. அதன் பிறகுதான் லைன்மேன் செல்லையன் கையெழுத்துப் போட வந்தான். மனுவில் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “அன்னைக்கி உங்க தெருவுக்குக் கரண்டே கெடையாதுங்களே” என்றான். காரைக்கால்மேட்டில் கம்பம் சாய்ந்து, ஆறு மணியிலிருந்து எட்டேமுக்கால்வரை லைன் நிறுத்தியிருந்ததாம், அவன்தான் கம்பத்தில் ஏறியிருந்தானாம். நான் நம்பாமல் அவன் ஆபீசுக்கே போய்ப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். நேரம், தேதி, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. பதிவேட்டில் இருப்பதுதான் நடந்தது என்று முப்பத்தொரு வருஷம் பிறத்தியாருக்குச் சொன்னவன் நான். வீட்டுக்கு வந்து உன் அண்ணியைக் கேட்டேன். ஆமாம், இருட்டாக இருந்ததால் லாந்தரை ஏற்றி டி.வி. பெட்டி மேலே வைத்தேனே என்றாள். அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அந்த லாந்தர் வெளிச்சத்தில்தான் நாற்பது பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் பெட்டியின் மேல் போர்வையைப் போட்டு மூடி, பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். பிடுங்கி என்ன பிரயோஜனம் என்று உன் அண்ணி கேட்டாள். வடிவாம்பாள் வீடு பூட்டியிருக்கிறது, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்கிறார்கள். மீரா சாகிப் தபாலாபீசில் வெளிநாட்டுத் தபால் உறை வாங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஏகாம்பரம் குணத்துக்கு அது சரியா தப்பா என்ற தகராறு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. என் அபிப்பிராயத்தில் மாற்றம் இல்லை. அவ்வளவு பிடிவாதக்காரர் தானாகப் போய்க் கதவைத் தட்டமாட்டார்.

ஆகவே கல்யாணத்துக்கு நான் வர இயலாது என்பதை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன். காதுகுத்துக்கு வாங்கிய கல் தோடு இரண்டையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். சௌந்தரம் பதினாறும் பெற்றுத் தீர்க்காயுசாக இருக்கட்டும், உன் வீட்டுக்காரருக்கு என் நமஸ்காரம், சோமுவுக்கு ஆசி, உன் அண்ணி எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அண்ணன்,
நீலமேகம்.

பின்குறிப்பு: மேலே வர இயலாது என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதே. தோடு தபாலில் வராது, நானே கொண்டுவருகிறேன். புதன்கிழமை காலை முதல் பஸ். மேளம் எதுவும் அனுப்ப வேண்டாம், முக்கில் நிற்க மாட்டேன், நேரே வாசலுக்கு வந்துவிடுகிறேன். எனக்கு முன்னாலேயே அங்கே குடையோடு ஒரு ஆள் வந்து நின்றுகொண்டிருந்தால் பயப்படாதே, பங்கஜம். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல். அவர் பதினேழு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறார்.