வெள்ளிக்கிழமையை ஒழிக்கப் போனேன்

சேஜ் ஃபோர்க் பள்ளி வாரியத்தில் எனக்கு இது ஆறாவது வருஷம். தலைவராக இரண்டாவது. இத்தனை காலத்தில் என் பெயரில் ஊர் நினைவில் வைத்திருக்கும் தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்: நடுநிலைப் பள்ளிக் கழிப்பறைக்குப் பச்சை வண்ணம். அதுவும் பட்டாணியை மசித்து அப்பிய மாதிரி ஒரு பச்சை. ஊர்ப் பிள்ளைகள் தினமும் என்னை நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கிற இடம்தான் சரியில்லை.

ஆகவே பிப்ரவரியில் ஒரு சபதம் எடுத்தேன். ஆர்லன் டட்வீலர் என்றால் ஐடஹோ மாநிலம் முழுக்கத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமையை ஒழித்துவிடுவது.

அடுத்த கல்வியாண்டிலிருந்து வாரத்துக்கு நாலே நாள் பள்ளி. பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் ஏற்கெனவே அப்படித்தான். மூன்று நாள் லீவு என்று ஆசை காட்டியே எங்கள் கணக்கு ஆசிரியர்கள் இருவரையும் போன கோடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது கணக்குப் பாடம் எடுப்பவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர். பிள்ளைகள் எதைக் கூட்டினாலும் கூடைப்பந்துப் புள்ளி மாதிரி இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகத்தான் கூட்டுகிறார்கள்.

வாரியத்தில் ஐந்து பேர். என் பக்கம் என்னையும் சேர்த்து மூன்று. எதிர்ப்பக்கம் இரண்டு, அதில் ஒருவன் என் பக்கத்து வீட்டு மெர்ல் ஸ்டாகி. மூன்று இரண்டைவிடப் பெரியது. பயிற்சியாளரே சொல்லிவிடுவார்.

மெர்லுக்கு நான் பயப்படவில்லை. என் பயமெல்லாம் லவோனுக்கு.

லவோன் என் மனைவி. இருபத்திரண்டு வருஷம் ஏழாம் நம்பர் பள்ளிப் பேருந்தை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். முதுகுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தே பழகியவள். நான் போய் உட்காருவது வாரியம். வீட்டில் என்னை வாரிக்கொண்டே இருப்பது இவள். அங்கே நான் அவைத் தலைவர். இங்கே அவள்தான் தலைவர்.

கூட்டம் எப்போதும் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை லவோனுக்கு பௌலிங் என்கிற பந்துருட்டும் போட்டி; உலகமே புரண்டாலும் போய்விடுவாள். அந்த மாதக் கூட்டத்தைச் செவ்வாய்க்கு மாற்றினேன். என்ன மூளை!

ஆனால் கூட்டத்தில் பேசப் போகும் விஷயங்களைத் தபாலாபீஸ் கதவில் ஒட்டியாக வேண்டும். சட்டம். ஒட்டிய அன்றே லவோன் தபால்தலை வாங்கப் போய்விட்டாள்.

"ஆர்லன், வெள்ளிக்கிழமை உன்னை என்ன பண்ணுச்சு?"

"எந்த வெள்ளிக்கிழமை?"

"எல்லா வெள்ளிக்கிழமையும். மொத்தமா ஒழிக்கப் போறியாமே."

"அது வந்து... வாத்தியாருங்க ஓடிப் போறாங்க லவோன். அவங்களைப் பிடிச்சு வைக்கணும்."

"பிள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் பள்ளிக்கூடத்துலதான். வெள்ளிக்கிழமை யாரு போடுவா?"

"அவங்கவங்க வீட்டுல போடுவாங்க."

"எந்த வீட்டுல?"

அவள் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லவோன் சண்டை போட்டால் எனக்கு நன்றாகப் பசிக்கும். சண்டை போடாவிட்டால்தான் சாப்பாடு இறங்காது. நாலு நாள் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் கார் நிறுத்தும் கொட்டகைக்கும் நடந்தேன். கொட்டகையில் ஒன்றும் வேலை இல்லை. திரும்பி வந்தேன். சமையலறையிலும் இல்லை. மறுபடி போனேன்.

"நாய்க்குத் தலை சுத்துது. உன்னோடயே அதுவும் நடக்குது. எங்கயாவது உக்காரு" என்றாள்.

"உனக்கு என் மேல கோபமா?"

"எனக்கு எதுக்குக் கோபம்? வாரியம் உன்னுது, ஓட்டு உன்னுது."

இதைவிட அவள் என் மேல் வாணலியை எறிந்திருக்கலாம்.

திங்கட்கிழமை வேலி ஓரமாக மெர்ல் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குத் தெரிந்து முப்பது வருஷத்தில் அவன் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

"என்ன மெர்ல், தோக்கப் போறோம்னு சந்தோஷமா?"

"இல்ல ஆர்லன். நாளைக்குக் கூட்டத்துக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோ. தாழ்வாரத்துல குளிரும்."

"தாழ்வாரத்துல எனக்கென்ன வேலை?"

"சும்மா சொன்னேன்" என்று உள்ளே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு லவோன் பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்குப் போன உயிர் வந்தது. ஆறரைக்கு நூலகத்தில் கூட்டம். கொடிவணக்கம் முடிந்தது. அடுத்து ஒப்புதல் மூட்டை. சில்லறை விஷயங்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள்: கூரை ஒழுகல், புது நியமனம், தவளை அறுக்கும் வகுப்புக்குத் தவளை. அதை நான் படிப்பதே இல்லை. பதினோரு நொடியில் நிறைவேற்றிவிடுவேன். அன்று எனக்கு இருந்த பரபரப்பில் ஒன்பதே நொடி. நானே முன்மொழிந்தேன். ஐந்து கைகளும் உயர்ந்தன. மெர்ல் கையை ரொம்ப உற்சாகமாகத் தூக்கினான்.

"அடுத்து, நாலு நாள் பள்ளி வாரம்" என்று மைக்கை இழுத்தேன்.

கண்காணிப்பாளர் குவேல் தொண்டையைச் செருமினார். "தலைவரே, நீங்க வெளிய போகணும்."

"யாரு?"

"நீங்கதான். வெள்ளிக்கிழமை மாற்று ஓட்டுநரா ஒருத்தரை இப்ப நியமிச்சோம். ஏழாம் நம்பர் வண்டி."

"நியமிச்சா?"

"அது உங்க மனைவி."

கதவுப் பக்கம் திரும்பினேன். லவோன் மஞ்சள் ஓட்டுநர் சட்டையில் நின்றுகொண்டிருந்தாள். பந்துப் பை காலடியில் திறந்து கிடந்தது. அதில் பந்து இல்லை.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நாலு தடவை போன் பண்ணேன் தலைவரே. சில்லறை விஷயத்துக்கெல்லாம் கூப்பிடாதேன்னு வெச்சிட்டீங்க." அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். உறுப்பினர் வீட்டில் யாராவது மாவட்டத்தில் சம்பளம் வாங்கினால், அவர் வேலையைத் தொடும் எந்தத் தீர்மானத்திலும் அந்த உறுப்பினர் பேசக் கூடாது, வாக்களிக்கக் கூடாது, அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. அதுபற்றி வீட்டிலும் மூச்சு விடக் கூடாது.

"எந்த முட்டாள் எழுதின விதி இது?" என்றேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ எழுதினது" என்றான் மெர்ல். "என் மருமகன் பள்ளிக்கூடத்துப் புல்லை வெட்டினப்ப, என்னை வெளிய அனுப்ப."

தாழ்வாரத்தில் இருந்தவை எல்லாம் ஒன்றாம் வகுப்பு நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொட்டது. எழுந்து நடந்தேன். உண்மையிலேயே குளிர். கதவுக் கண்ணாடி முழுக்கப் பிள்ளைகள் ஒட்டிய காகித ஆந்தைகள், ஒன்றும் தெரியவில்லை. பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். காதைக் கதவில் வைத்தேன். லவோன் குரல்.

"நான் பேச்சாளி இல்ல. வண்டி ஓட்டுறவ. திங்கக்கிழமை காலையில சில பிள்ளைங்க ஓடி வந்து ஏறும். வண்டி நிக்கறதுக்குள்ள கதவைத் தட்டும். அதே பிள்ளைங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கும். ஷூ கயிறு கட்டும். பைய தேடும். பை முதுகுலதான் இருக்கும். ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. திங்கக்கிழமைக்கு ரெண்டு ரொட்டி கூட எடுத்துட்டுப் போவேன், அவ்வளவுதான். இப்ப அதையே வியாழக்கிழமை சாயங்காலம் நான் பார்க்கணுமா?"



இருபத்திரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் ரொட்டி சுட்டிருக்கிறாள். நமக்கு எதற்கு இத்தனை என்று கேட்டிருக்கிறேன். பதிலுக்கு நின்றதில்லை. நடந்துகொண்டே இருக்கிறவன் எதைக் கேட்டு நிற்பான்? அந்தக் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவையாகக் கால் ஆடாமல் இருந்தது.

வாக்கெடுப்பு நடந்தது. முடிவு காதில் விழவில்லை. இரண்டுக்கு இரண்டு வந்தால் தீர்மானம் செத்தது. ஆனால் என் பக்கத்து இருவர் உறுதியானவர்கள். மெர்ல் பக்கத்தில் ஒருவர் தூங்குமூஞ்சி, கையை மாற்றித் தூக்கினாலும் தூக்குவார். கைதட்டல் கேட்டது. எதற்குத் தட்டினார்கள்? நாலுக்கா, ஐந்துக்கா? எழுந்தேன், நடந்தேன், ஆந்தைகளுக்கு நடுவில் ஓட்டை தேடினேன்.

கதவு திறந்து லவோன் வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"வீட்டுக்குப் போலாம்."

"லவோன், என்ன ஆச்சுன்னு சொல்லு!"

"உன் விதிப்படி உன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விதியை மீறச் சொல்றியா?"

கார் வரைக்கும் கெஞ்சினேன். வீடு வரைக்கும் கெஞ்சினேன். வாசலில் இறங்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆர்லன், வெள்ளிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு நான் வண்டி எடுக்கணும். காபியை நீ போட்டு வெச்சிடு. வர்ற வெள்ளிக்கு மட்டுமில்ல, அடுத்த வருஷம் பூரா."