என் இஷ்டப்படி ஒரு எனாமல் விளக்கு

எங்கள் வீட்டில் என் இஷ்டப்படி வாங்கியது என் பல் துலக்கும் பிரஷ் ஒன்றுதான். அதற்கும் நிறம் என் மனைவி சொன்னது.

அதனால் சபதம் எடுத்தேன். கூடத்து மூலைக்கு வாங்கப்போகும் விளக்கில் நிறம், இடம், உயரம் எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். தலையே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்களிடம் மறைப்பானேன்? அந்த மூலை பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்திலேயே கொல்லைக் கதவு. கதவைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர், செஸ் பலகையோடு. சமையலறையிலிருந்து பார்த்தால் விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். நான் படிப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கே சொந்தம்!

கடையில் பழைய ரயில் நிலையங்களில் இருந்த மாதிரி எனாமல் விளக்குகள் வரிசையாகத் தொங்கின. இரும்புத் தொப்பி, மேலே கண்ணாடிபோல் பளபளப்பு.

"பச்சைதான்!" என்றேன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"பச்சையே இருக்கட்டுங்க."

சண்டைக்கென்று தயாரித்துக்கொண்டு போன ஏழு பாயிண்டும் வீண். அவளோ பச்சை விளக்குகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினாள்.

"இது டொக்குங்குது. இதுவும் சரியில்ல. ஆங், இதைக் குடுங்க!"

"எனாமல் எங்கயாவது விட்டுப்போயிருக்கான்னு பாக்குறாங்க சார். விவரமானவங்க," என்றார் கடைக்காரர். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து உயரம் காட்டினேன்.

"இவ்வளவு கீழ விட்டா எழுந்திருக்கும்போது தலையில இடிக்கும் சார்."

"படிக்கிறவனுக்கு வெளிச்சம் பேப்பர்ல விழணும்யா!"

"அவர் எல்லாம் யோசிச்சுத்தான் சொல்வார்," என்றாள் மனைவி. "இன்னும் ஒரு ஜாண் இறக்கினா எழுத்து நல்லாத் தெரியுமோ என்னவோ?"

அவள் ஒரு ஜாண் சொல்லி நான் கேட்பதா?

"ரெண்டு ஜாண்!" என்று கர்ஜித்தேன்.

ஞாயிறு காலை. விளக்கைப் போட்டேன். பேப்பரை விரித்தேன். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். இதுதான் சமயம் என்று பூனைபோல் எழுந்தேன்.

டங்ங்ங்!

"எழுந்துட்டீங்களா? அப்படியே துவைச்ச துணியைக் கொடியில போட்டுடுங்க!"

போட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். இந்த முறை குனிந்து, பக்கவாட்டில் நெளிந்து எழுந்தேன். தோள் பீரோவில் இடித்தது. காது விளக்கில் இடித்தது.

டங்ங்ங்!

"துணி போட்டாச்சா? பரண்ல இருக்கிற பெட்டியை இறக்குங்க!"

பெட்டியை இறக்கிவிட்டு, வீங்கிய மண்டையைத் தடவிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தேன். "விளக்கைக் கொஞ்சம் மேல ஏத்திடலாமா?"

"ஐயோ, நீங்க பிடிவாதமா நின்னு போட்ட உயரம்! மாத்த விடுவேனா? நல்லாச் சத்தம் வர்றதாப் பாத்து நான் வேற தட்டித் தட்டி எடுத்திருக்கேன்."

எனக்குத் தலை சுற்றியது. அப்போது கொல்லைக் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர். அப்பாடா, ஒரு ஆட்டமாவது ஆடலாம் என்று ஓடிப்போய்த் திறந்தேன்.

அவர் கையில் செஸ் பலகை இல்லை. அளவு டேப் இருந்தது.

"எந்தக் கடை, எவ்வளவு உயரம்னு எங்க வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார்."