இடது கைக்கு மட்டும் கற்றாழை

சொந்த உடம்பை இரண்டாகப் பிரித்துப் போட்டிக்கு விட்ட மனிதர் சிவகாசியிலேயே ஒருவர்தான்: கத்தாழை அண்ணாச்சி.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் அவர் மெஷின்மேன், நான் மேனேஜர். மெஷினில் மையைக் கழுவ மண்ணெண்ணெய்தான். எங்கள் ஆட்களின் கைகள் கோடையில் வற்றிய வெம்பக்கோட்டை அணைபோல வெடித்துக் கிடக்கும்.

ஒருநாள் என் மேஜையில் சோற்றுக்கற்றாழை மடல் ஒன்றை வைத்தார்.

"சார், தினம் பத்து நிமிசம் முன்ன விடுங்க. எல்லாரும் கையக் களுவி இதத் தடவட்டும்."

"சீசன்ல பத்து நிமிசமா? தடவினா நாளைக்கே சரியாயிருமா?"

"ஆகாது சார். வருசக்கணக்கா விடாம தடவணும்."

"அப்ப ஒரு வருசம் தடவிக் காட்டுங்க."

கேலியாகத்தான் சொன்னேன். மறுநாளே இடது கைக்கு மட்டும் தடவ ஆரம்பித்துவிட்டார். வலது கை ஒப்பிட்டுப் பார்க்கவாம். வலது கையால் தேய்த்தால் அதிலும் ஒட்டிவிடுமே? அதனால் காகிதம் வெட்டும் கட்டிங் மெஷின் மாரியப்பன் தடவிவிடுவார். அண்ணாச்சி வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பார். மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்தில் சந்தனக் கிண்ணத்தை நீட்டியபோது, "இந்தக் கையில எதுவும் படக்கூடாதுங்க" என்று விலகினார். பெண் வீட்டார் முகம் சுருங்கிப்போனது.

எட்டாவது மாதம் இடது கை புதுமாப்பிள்ளை கைபோல மின்னியது. நான் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "வேலை பூரா வலது கை பார்க்குது. சும்மா இருக்கிற கை பளபளக்காதா அண்ணாச்சி?"

கூடம் சிரித்தது. அவர் யோசித்தார். "நியாயம் சார். முதல்ல இருந்து வாரேன்."

அதன்பின் ஒருநாள் வலது கையால் வேலை, மறுநாள் இடது கையால். இடது கை நாட்களில் லேபிளில் அச்சான கிளிப் படங்கள் எல்லாம் இரட்டை மூக்கோடு வந்தன.

"சோறாவது ஒரே கையால திங்கிறீகளா?" என்றார் மாரியப்பன்.

"அதுக்கு மட்டும் விலக்கு உண்டுலே."

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எட்டாவது மாதமே நான் நம்பிவிட்டேன். பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் அந்தக் கேள்வியைக் கிளப்பினேன். அதற்காக அவர் இன்னும் ஒரு வருடம் அந்த வலது கையின் எரிச்சலைத் தாங்கினார்.

வருடம் முடிந்ததும் இரண்டு கைகளையும் என் மேஜைமேல் விரித்தார். வலது பெருவிரல் வெடிப்பில் ரத்தம் கட்டியிருந்தது.

"இப்பச் சொல்லுங்க சார்."

"இன்னிக்கே பத்து நிமிசம்" என்றேன்.

மொத்த அச்சகமும் குழாயடிக்கு ஓடியது. அவர் மட்டும் வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாரியப்பனிடம் கற்றாழைக் கிண்ணத்தை வாங்கி, அந்தக் கையைப் பிடித்து நானே தடவினேன்.

"மெல்ல சார்" என்றார்.

என் பிள்ளைகளைக்கூட அவ்வளவு மெல்லத் தொட்டதில்லை.