“நான் சாமானோட வாறன்”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுக்கூடத் தேவையில்லை. நல்ல வெயிலிலேயே பேய் தெரியும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். (பொலிவியா என்றால் காய்ச்சல் மருந்து என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.) அந்த நாட்டுக்கே ஒருநாள் குடும்பத்தோடு போக வேண்டி வந்தது. நாங்கள் குடியேறியிருந்த ஸ்காபரோவில் கார் சீற் தைக்கும் தொழிற்சாலையில் என் மனைவி வசந்திக்குப் பக்கத்து மெஷினில் நின்று தைத்தவள் பொலிவியாக்காரி ரோசா. ஊர் திரும்பியவள், மகளின் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

பெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் பொலிவியாவுக்குள் நுழைந்தோம். நான், வசந்தி, மகள் தாரணி, நாலு பெரிய பெட்டிகள். மூன்று பாஸ்போட்டும் என் இடுப்பில், துணிப்பையில், முடிச்சுக்கு மேல் முடிச்சு. அகதியாக வந்து, வருடக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய பாஸ்போட். அது தொலைந்தால் நாங்கள் மறுபடியும் நாடில்லாதவர்கள் என்பது என் கணக்கு.

பின்னேரம் பஸ் ஓர் ஏரிக்கரையில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள்.

“இறங்குங்கோ” என்றாள் வசந்தி. “பஸ் தெப்பத்தில தனிய வருமாம். நாங்கள் வள்ளத்திலயாம்.”

எட்டிப் பார்த்தேன். தண்ணீர். வள்ளம். கரையில் வெள்ளைச் சீருடை.

“உவங்கள் ஆர்?”

“நேவியாம்.”

(கடலே இல்லாத நாட்டுக்கு எதற்கு நேவி என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் பூகோளம் போதாது.) யுத்தம் நடந்த எங்கள் ஊரில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நல்லது நடந்ததே இல்லை. எனக்கு இறங்கப் பயம். அதை வெளியில் சொல்ல முடியுமா? நெஞ்சை நிமிர்த்தினேன்.

“நீர் பிள்ளையோட போம். நான் சாமானோட வாறன்.”

சொல்லிவிட்டுச் சீற்றுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். டிரைவர் கவனிக்கவில்லை. பஸ் ஆடி ஆடித் தெப்பத்தில் ஏறி, கரையைவிட்டு நகர்ந்த பிறகுதான் நேவிக்காரர் வசந்தியிடம் பாஸ்போட் கேட்டிருக்கிறார்.

பஸ் ஒருபக்கம் சரிந்தது. தலையை வெளியே நீட்டி, “ஐயோ முருகா!” என்று கத்தினேன். இரண்டு கரைக்கும் கேட்டது.

பத்திரம் ஒன்றும் கையில் இல்லாமல், பிள்ளையோடு, சீருடைக்காரர் முன்னால் நிற்கிறாள் வசந்தி. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மயங்கியிருப்பேன். அவளோ தொழிற்சாலையில் ரோசாவிடம் பொறுக்கிய ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். கரையே சிரித்தது. அடுத்த நிமிடம் நேவி வள்ளமொன்று என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது. உள்ளே என் மனைவி, என் மகள், இரண்டு சீருடைகள்.

பஸ் ஜன்னலில் நின்றபடி இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

“கையைக் கீழ விடுங்கோ!” ஆடும் வள்ளத்தில், மெஷினுக்கு முன்னால் நிற்பதுபோல நேராக நின்று வசந்தி கத்தினாள். “பாஸ்போட்டை எடுங்கோ!”

“முடிச்சு அவிழுதில்லையப்பா!”

“அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ லேக்!” என்ற தாரணி, படமும் எடுத்துவிட்டாள்.

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க வாய் இடுப்புக்கு எட்டவில்லை. கடைசியில் காற்சட்டையைத் தளர்த்தி, பையை முழுசாக உருவி, ஜன்னலால் இறக்கினேன். அதிகாரி பார்த்துவிட்டு வசந்திக்கு ஒரு சல்யூட் அடித்தார். எனக்கு இல்லை.

அவள் கரையில் என்ன சொன்னாள் என்பது கல்யாண வீட்டில்தான் தெரிந்தது. அங்கே எல்லோருக்கும் சொன்னாள்: “என்ர பாஸ்போட்டும் என்ர தலையிடியும் அந்த பஸ்ஸுக்குள்ளதான் போகுது.”

தாரணி எடுத்த அந்தப் படம், ஸ்காபரோவில் ரூஜ் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. பொலிஸ் கார் கடந்தால் வீட்டில் எல்லோரும் என்னைப்போல இரண்டு கையையும் தூக்குவார்கள். மருமகனும் பழகிவிட்டார்.

போன வருடம் எனக்கு இருதய ஒப்பரேஷன். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் கூடவே நடந்து வந்த வசந்தி, என் செருப்பையும் கண்ணாடியையும் மார்போடு அணைத்தபடி குனிந்தாள்.

“பயப்படாமல் போங்கோ. நான் சாமானோட வாறன்.”

படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கினேன். தாதிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.